இரும்பாழிப் போருக்கு நானே காரணம்

மோகனூர்,
ஆடி வெள்ளி, மாலை.

மேட்டூரில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அப்புசாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் செங்கோட்டையன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. அணை திறந்ததும் இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அணையில் வேலை பார்க்கும் நீங்களே கையால் திறந்துவிட்டது போல உங்கள் தங்கை தெரு முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் குழம்பு சாப்பிடுவீர்கள், அக்காவும் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரும் சேர்ந்து கேட்பார்கள், நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, ஆகட்டும்" என்று வைத்துவிடுவீர்கள். இது அப்படி வைத்துவிடக்கூடிய சங்கதி இல்லை. நீங்கள் கொண்டுவந்த திருச்செங்கோட்டு வரன் சம்பந்தப்பட்டது. ஆவணி முதல் ஞாயிறு மாப்பிள்ளை நந்தகுமார் வீட்டார் நம் வீட்டில் கை நனைக்க வருகிறார்கள். இலை போட்டு அவர்கள் ஒரு வாய் சோறு உண்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது, பிறகு யாரும் பேச்சு மாற முடியாது. அதற்குள் நீங்கள் வந்து நம் பெண், உங்கள் மருமகள் மதுமதியைக் கண்டித்து வைக்க வேண்டும். ஏனென்றால் அவள் ஒரு நாடு வைத்திருக்கிறாள்.

ஆமாம் மச்சான், நாடு. பெயர் இரும்பாழி. இது ஒரு விளையாட்டாம். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து இவளோடு காலேஜில் படித்த டோனியும் அவன் தங்கை ஜாக்குலினும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். மேஜையில் ஒரு வரைபடத்தை விரிப்பார்கள். இலந்தைப் பழம் அளவில் ஏகப்பட்ட முகங்கள் உள்ள ஒரு பகடையை உருட்டுவார்கள். டோனி ஒரு வீரன், ஜாக்குலின் ஒரு மருத்துவச்சி. ஆட்டத்தை நடத்துவது நம் பெண். மலை, மழை, குதிரை, எதிரி எல்லாம் இவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த இரும்பாழி இருக்கிறதே, அங்கே குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் கத்தி செய்துவிடுவார்களாம். ஊர்ப் பஞ்சாயத்து, கல்யாணம், அறுவடை எல்லாவற்றுக்கும் முரசு ஒன்றுதான். காலையில் எழுந்தால் சண்டை, சாயங்காலம் சண்டை. "எல்லாரும் சண்டைக்குப் போயிட்டா மாட்டுல பால் கறக்கறது யாரு சாமி?" என்று கேட்டேன். மதுமதி யோசித்தாள். "எருமையும் போருக்குப் போயிருங்கப்பா" என்றாள். இப்படி ஒரு நாடு எத்தனை நாள் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன மாதம் மாப்பிள்ளையின் பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வந்துவிட்டார். உங்கள் தங்கை சௌந்திரம் அவசரமாகச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து காபி நீட்டுகிறாள். அந்த நேரம் உள்ளறையிலிருந்து, "கோட்டைக்குள்ள ஒரு உசுரு மிஞ்சக் கூடாது, கொளுத்துங்க!" என்று நம் பெண்ணின் குரல் கணீரென்று வருகிறது. அந்த அம்மா டம்ளரை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். நான் டி.வி. என்றேன். டி.வி. அவருக்கு எதிரிலேயே அணைந்துகிடந்தது. கரும்பு ஆலையில் எடை மேடையில் உட்கார்ந்து எத்தனையோ சாக்குப்போக்கு கேட்டவன் நான், நான் சொன்ன சாக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அன்றைக்குத்தான் சௌந்திரம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, நீங்களும் உள்ள போய் உக்காந்து என்ன ஏதுன்னு பாருங்க. நம்மகிட்டப் பேசறதே இல்ல, அந்தப் பகடைகிட்ட மட்டும் பேசறா" என்றாள். அது நிஜம்தான். வேலை வேலை என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள், சாப்பிட்டாயா என்றால் ஆச்சுங்க என்கிறாள், அதற்கு மேல் பேச்சு இல்லை. அதனால் நானும் போய் உட்கார்ந்தேன். டோனி தம்பி நல்ல மாதிரி, எழுந்து நாற்காலி போட்டான். எனக்குத் தூதன் வேஷம் கொடுத்தார்கள். தென்கரை நாட்டிலிருந்து இரும்பாழி அரசியிடம் சமாதானம் பேசப் போக வேண்டும். டோனியின் வீரனும் ஜாக்குலினின் மருத்துவச்சியும் எனக்குத் துணை. சமாதானம் பேசுவதுதானே, பங்காளித் தகராறு எத்தனை தீர்த்திருக்கிறோம் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரசி மரியாதையாகத்தான் வரவேற்றாள். (அரசியாகப் பேசுவதும் மதுமதிதான், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள்.) பெரிய மண்டபம், பொன் தட்டு, சுட்ட இறைச்சி, அரசியே தன் கையால் பரிமாறுகிறாள். "உண்ணுங்கள் தூதரே" என்றாள். இப்போது நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் மச்சான்? பேச வந்த காரியம் ஒன்றும் ஆகவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இருக்கட்டுமுங்க, மொதல்ல பேச்சு முடியட்டும், அப்பறம் கை நனைக்கறோம்" என்றேன். நம் வழக்கம் வேறென்ன? ஆனால் இரும்பாழியில் அரசி பரிமாறிய சோற்றைத் தொடாதவன் போருக்கு அழைக்கிறான் என்று சட்டமாம். முரசு கொட்டிவிட்டது. பகடை உருண்டது. டோனியின் வீரன் வாசலிலேயே உயிரை விட்டான். ஜாக்குலினின் மருத்துவச்சி அவனைத் தூக்கப் போய் அவளும் போனாள். காலேஜ் நாளிலிருந்து வைத்திருந்த வேஷமாம், அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. டோனி மட்டும் மெதுவாக, "அங்கிள், ஒரே ஒரு வாய் சாப்ட்ருக்கலாம்ல?" என்றான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சௌந்திரம் முறுக்குத் தட்டோடு வந்தவள், எழவு வீடு மாதிரி இருக்கிறதே என்று அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

என்னை மட்டும் கொல்லவில்லை, சிறையில் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அரசி சிறைக்கே வந்து, கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். நான் மனதில் இருந்ததையே கேட்டேன். "மகாராணிங்க, உங்க சனம் ஏனுங்க எப்பப் பாத்தாலும் சண்டைக்கே நிக்குது?"

மதுமதி பகடையைக் கையில் எடுத்தாள், உருட்டவில்லை. அரசிக் குரலும் வைக்கவில்லை. "எங்க நாட்டுக்கு வாரவங்க எல்லாரும் முடிவு பண்ணிப்போட்டுத்தான் வாராங்க. எல்லை எங்க நிக்கோணும், ஆறு எந்தப் பக்கம் போகோணும், எல்லாம். உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறதுக்கு இதுவரைக்கும் ஒரு தூதன்கூட வரலீங்க. கத்திய எடுத்தாத்தான் திரும்பியாச்சும் பாக்கறாங்க" என்றாள். டோனி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தான். நானும் கையில் இருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். முறுக்கில் உப்பு கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆக, விஷயம் இதுதான். பெண்ணுக்கு இந்த விளையாட்டால் புத்தி கண்டபடி போகிறது. ஒரு ராணி பேசுகிற பேச்சா இது? வரன் விஷயத்தில் அவளைக் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கலாம். சௌந்திரம் கேட்டிருப்பாள் என்று நான் இருந்தேன், நான் கேட்டிருப்பேன் என்று அவள் இருந்திருக்கிறாள். மதுமதியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல குடும்பம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓடுகிற வீடு, பையனுக்குக் கெட்ட பழக்கம் இல்லை. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் நேரில் வந்து, வரைபடத்தைச் சுருட்டி அட்டாலிப் பரணில் போடச் சொல்லி, கல்யாணப் பெண்ணாக லட்சணமாக இருக்கும்படி இரண்டு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என் பேச்சு அங்கே எடுபடாது. நான் ஒரு போரைக் கிளப்பிவிட்டுச் சிறையில் கிடக்கிறவன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. காவிரிக் கரையில் இருக்கிற எல்லோரையும் அந்தத் தாய் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
செங்கோட்டையன்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை எழுதுகிறேன். தபால் தலை இல்லாததால் கடிதம் வீட்டிலேயே இருந்தது. அது நல்லதாகப் போயிற்று. சௌந்திரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். மதுமதி அடுப்படியில் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மகாராணிங்க, தென்கரைத் தூதன் வந்திருக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அந்தப் பையன் நல்லவராத்தான் இருப்பாருங்க. ஆனா எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா. தோணும்போது நானே வந்து சொல்றேன்" என்றாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன சாமி?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். அவள் ஒரு தட்டில் சந்தகை வைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றி என் முன்னால் நீட்டினாள். தட்டையும் அவளையும் பார்த்தேன். உட்கார்ந்து உண்டுவிட்டேன்.

கை நனைத்தாயிற்று. இனி பேச்சு மாற முடியாது. திருச்செங்கோட்டாருக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அந்த ஆவணி முதல் ஞாயிறு நீங்கள் மட்டும் வாருங்கள். மதுமதி இலை போட்டால் உடனே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். பேச்சு முடியட்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.