மடங்காத இரண்டு கைகள்

அபூ தலாலின் சுண்டுவிரல் இன்றும் மடங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம், அபூ தலால். பந்தை அழுத்துங்க."

"உசுரு போகுது மகளே!"

பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. நர்ஸ் இப்திசாம் மண்டியிட்டு எடுத்தாள். கை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து வருகிறவர்களின் விரல்களை மறுபடி மடங்க வைப்பதுதான் இர்பித் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷமாக அவள் வேலை.

பக்கத்து அறையில் அபூ ஹைதம். அதே வலது கை, அதே சுண்டுவிரல் பக்கம், அதே நாள் ஆபரேஷன். இருவருமே படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு முன்பல்லும் போயிருந்தது. அபூ ஹைதமின் விரல் பாதியாவது மடங்கியது.

வியாழக்கிழமைக்குள் மடங்காவிட்டால் இருவருக்கும் மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் கஸ்ஸான் சொல்லிவிட்டார். "உன் கைராசி எங்கம்மா போச்சு?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது. சாப்பிடும்போதும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து வேண்டாமென்று ரொட்டி மாவு கொடுத்தாள். அபூ தலால் இடது கையால் அருமையாகப் பிசைந்தார். வெந்நீரில் ஊற வைத்தாள். விரல்கள் இன்னும் விறைத்தன.

அவர்கள் இருவரின் ஊர்ப் பெரியவர் ஷேக் நவ்வாஃப் தினமும் பழக்கூடையோடு வந்து, இரண்டு அறையிலும் ஒரே கேள்வி கேட்பார்: "கை மடங்குதா?"

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோன இப்திசாம், அவர் முன்னாலேயே பயிற்சி கொடுத்தாள். அன்று அபூ தலாலின் கட்டைவிரலும் அசையாமல் நின்றுபோனது.

கடைசியாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் தேறட்டும் என்று இருவரையும் ஒரே அறையில் போட்டாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்கள். அபூ ஹைதமின் பாதி மடங்கிய விரலும் நிமிர்ந்துகொண்டது.

"அவர் மொதல்ல மடக்கட்டும்," என்றார் அபூ ஹைதம்.

"ஏன், அவருக்கு என்ன கேடு? அவரே மடக்கட்டும்," என்றார் அபூ தலால்.

புதன்கிழமை அவள் கெஞ்சிப் பார்த்தாள். "நாளைக்கு மறுபடி கையைக் கிழிக்கப் போறாங்க. பயமா இல்லையா உங்களுக்கு?"

"கிழிக்கட்டும்!" என்றார்கள் இருவரும். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இப்திசாம் நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மடியில் மாற்றல் கேட்டு எழுதிய கடிதம் இருந்தது. அந்த இருவரின் ஊர்க்காரியான துப்புரவுப் பணியாளர் உம் ஸுப்ஹி, துடைப்பத்தை நிறுத்தினாள்.

"என்ன மகளே, அழறியா?"

"என் கை செத்துப்போச்சு, உம் ஸுப்ஹி. இனிமே நான் யார் விரலையும் தொடமாட்டேன்."

உம் ஸுப்ஹி வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடி பைத்தியமே, ஒருத்தர் பல்லை ஒருத்தர் பேத்ததுலதானே அந்த ரெண்டு கையும் ஒடஞ்சது, கை மடங்குற அன்னிக்கே ஊர் முன்னால கைகுலுக்கிச் சமாதானம் ஆகணும்னு எங்க ஷேக் சொல்லிட்டாரு!"