சப்வூஃபர் திரும்பி வராது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலம் என்று தெரியும். நேற்றுதான் வீடியோவில் பார்த்தேன். நாங்களும் நலம். வீட்டு ஜன்னல்கள் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கின்றன. அது பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவைக்கிறாய். தப்பாக முடிக்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து ஆள் வருவான், நான் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு நீ தேர்ந்தெடுத்த சின்னப் பெட்டியை வாங்கி வைக்க வேண்டும் என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

முடியாது.

இனி காரணங்கள்.

ஹோம் தியேட்டர் என்று நீ நண்பர்களிடம் பெருமையடிக்கும் அறை, அப்பாவின் இரண்டு வேன்கள் நின்ற கொட்டகை. நீ வந்தாய். சுவருக்குத் துணி ஒட்டினாய், தரைக்குக் கம்பளம் விரித்தாய், திரை கட்டினாய், சோபா போட்டாய். எல்லாம் சரி. அறை சின்னதாகிவிடவில்லையே. வேன் நுழைந்து, திரும்பி, வெளியே போகிற இடம் அது. அதன் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சப்வூஃபரை, அதுதான் நீ பேஸ் என்கிற கனத்த ஒலியை எழுப்பும் பெட்டியை, வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரையில் பாலம் இடிந்து விழும். எனக்கு அடுத்த அறையில் யாரோ கதவைச் சாத்தியது போலிருக்கும். மாற்ற வேண்டும் என்று சொன்னதே நீதான். அதுவரை நமக்குள் சண்டையில்லை.

பிறகு நீ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். நாலு பக்கமும் அடைத்த பெட்டி. காற்று வெளியே போக ஓட்டை கிடையாது. "அதுதாம்மா கட்டுப்பாடான பேஸ். துல்லியமா அடிக்கும், டக்குன்னு நிக்கும்" என்றாய். உன் வீட்டுப் படுக்கையறைக்கு அது சரி. எனக்குக் கட்டுப்பாடு வேண்டாம். துல்லியமும் வேண்டாம். எனக்கு அப்பா வேண்டும்.

இதுவரை உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அப்பா அந்த அறைக்குள் வந்து வெகுநாளாகிறது. நீ கேட்கும்போதெல்லாம் "படம்தான் பாக்குறோம்" என்பேன். பார்ப்பது நான் ஒருத்தி. பக்கத்தில் காலி சோபா. அவர் வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரோட்டில் ஒன்றும் இருக்காது. அதையும் பார்ப்பார்.

காது. வேறென்ன. அந்தப் பழைய வேனில் என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதன் மேல் உட்கார்ந்தே வயதான மனிதர். படம் ஓடும்போது நான் "கேட்டுச்சாங்க?" என்பேன். "ஆங்?" என்பார். பாவம், வசனம் விளங்கவில்லை போலிருக்கிறதே என்று நானே எடுத்துச் சொல்லத் தொடங்கினேன், உனக்குத்தான் தெரியுமே, பஸ் நிலையத்தில் மைக் பிடித்த குரல் இது, மைக் வேலை செய்யாத நாளிலும் கடைசி நடைமேடையில் மூட்டைமேல் தூங்குகிறவன் எழுந்து தன் பஸ்ஸுக்கு ஓடுவான், அப்படிப்பட்ட குரலில் அந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள், அவன் அதற்கு இப்படிச் சொல்கிறான், இப்போது பார்த்துக்கொண்டே இருங்கள், கதவுக்குப் பின்னால் ஒருத்தன் நிற்கிறான், அவனை நல்லவன் என்று நினைக்காதீர்கள், அவன்தான் கொலைகாரன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பஸ் வந்து நின்ற பிறகு அறிவித்து என்ன பயன்? வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதுதான் தொழில். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. கேட்காத வருத்தம் என்று புரிந்துகொண்டு இன்னும் உரக்கச் சொன்னேன். ஒரு நாள் பாதிப் படத்தில் எழுந்து போனவர்தான். அதன் பிறகு வாசல், நாற்காலி, ரோடு.

காது டாக்டரிடம் போகலாம் வாங்க என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஆண்கள் எல்லோரும் சொல்வது அதுதான். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேதான் எல்லாவற்றுக்கும் ஆளாகிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. படித்தேன். நீ அனுப்பிய சுட்டிகளையும், அனுப்பாத சுட்டிகளையும். காது மங்கும்போது கீச்சென்ற ஒலிகள் முதலில் போகுமாம். கனத்த ஒலி கடைசிவரை நிற்குமாம். அதற்கும் கீழே இறங்கினால் காதே தேவையில்லை. நெஞ்சு கேட்கும். உள்ளங்கால் கேட்கும். சோபா கேட்டு முதுகுக்குச் சொல்லும்.

அன்றைக்கே கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் உன் பெட்டியை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். "சார் சொன்னது இதுதாம்மா. கையிலயே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

"கையில தூக்கிட்டுப் போக நான் என்ன கத்திரிக்காயா வாங்க வந்தேன்? ரூம்ல ரெண்டு வேன் நிக்கும்."

"சின்ன வேனா?"

"கல்யாணக் கோஷ்டி மொத்தமும் ஏறுற வேன்."

அவர் உன் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ உள்ள வாங்க" என்றார்.

உள்ளறையில் இருந்தது அது. என் இடுப்புக்கு மேல் உயரம். நடுவில் பெரிய அண்டாவின் மூடி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். கீழே காற்று வர ஒரு ஓட்டை. அதில் என் முழங்கை வரை போகும், போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு படத்தில் ரயில் வரும் காட்சியை ஓடவிட்டார். முதலில் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த என் கைப்பை தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் ரயில் வந்தது.

"இதைக் கொடுங்க" என்றேன்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"சாரைப் பெத்தவ நான். எங்கிட்டக் கேளுங்க."

அவர் பில் புத்தகத்தை எடுத்தார்.

அடுத்தது எங்கே வைப்பது என்ற பிரச்சினை. நீ பழைய பெட்டியைக் கண்ட மூலையில் வைத்தாயே, அப்படி வைக்கக் கூடாதாம். கேட்கிறவர் உட்காரும் இடத்தில் பெட்டியை உட்கார்த்திவைத்து, ஒலியை விட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டுமாம். எந்த இடத்தில் தவழும்போது பேஸ் நன்றாக விழுகிறதோ அந்த இடத்தில் பெட்டியை வைத்தால், சோபாவில் அதே அளவு விழுமாம். கொண்டுவந்த ஆட்களிடம் சொல்லி அப்பாவின் இடத்தில் அதைத் தூக்கி உட்கார்த்தினேன். கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி போல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆட்கள் போனதும் ஒலியை விட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தேன்.

பாதிச் சுவர் தாண்டுவதற்குள் அழைப்பு மணி. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். கையுறையோடு.

"என்னம்மா நடக்குது இங்க? பேஷண்ட் வாய்ல டிரில் இருக்கு, சுவர் நடுங்குது. நான் கையை எடுத்துட்டேன். அவரு மிரண்டுபோய், டாக்டர், இது என் பல்லான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லி நாளைக்கு வரச் சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?"

"அப்போ இப்ப சும்மாதானே இருக்கீங்க? எனக்கு முட்டி வலிக்குது. அந்தப் பக்கச் சுவரை நீங்க பாருங்க."

படித்தவர். அதனால் மறுக்கத் தெரியவில்லை. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரோரம் தவழ ஆரம்பித்தார். "இங்க வயித்துல அடிக்குதும்மா" என்பார் அவர். "இங்க ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்பேன் நான். அப்படியே இரண்டு பேரும் திரைக்குக் கீழே நேருக்கு நேர் வந்து முட்டிக்கொள்ளப் போன நேரத்தில் அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தார்.

"என்ன டாக்டர், பல்லு ஏதும் விழுந்துடுச்சா?"

"இல்லீங்க சார், பேஸ் தேடுறோம்" என்று டாக்டர் தரையைப் பார்த்து முனகினார்.

"கிடைச்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

கிடைத்தது. இடப்பக்கச் சுவரின் நடுவில். அங்கே உன் கண்ணாடி அலமாரி இருந்தது. அலமாரி இப்போது மாடிப்படிக்குக் கீழே. அதற்குள் நீ சேர்த்துவைத்த பொம்மைக் கார்கள் நலம். ஒன்றுக்கு மட்டும் சக்கரம் கழன்றுவிட்டது. நீயும் கழற்றியிருக்கிறாய், சின்ன வயதில், எத்தனையோ. யாரும் உனக்குச் செய்தி அனுப்பவில்லை. டாக்டரும் நானும் பெட்டியைக் கம்பளத்தோடு சேர்த்து இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினோம். மத்தியானம் கிளினிக் மூடியிருக்கும்போது மட்டும் படம் என்று அவரோடு ஒப்பந்தம். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்" என்ற உன் கேள்விக்கு இத்துடன் பதில் முடிந்தது.

மறுநாள் மத்தியானம் பூகம்பப் படம் ஒன்றைப் போட்டேன். வேண்டுமென்றேதான். ஜன்னல் கண்ணாடிகள் பேச ஆரம்பித்தன. குழல்விளக்கு பேசியது. உன் பட்டமளிப்புப் படம் சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது. நான் ஜன்னலிடுக்கில் காகிதம் மடித்துச் செருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பினால் அப்பா.

வாசற்படியில் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அறிவிக்க ஆரம்பித்தேன்: அணை உடையப்போகிறது, அந்தத் தாடிக்காரன் பிழைக்க மாட்டான், நாய் பிழைத்துவிடும். இந்த முறை அவர் முகம் சுருங்கவில்லை. திரையைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அணை உடைந்தது. "சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து எனக்கென்று ஒரு முழு வாக்கியம்! ஏற்றினேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார். எனக்கு முன்பே வந்து ரிமோட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடும்பக் கதை போட்டால் மட்டும் கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் பார்க்கிறார். அதனால் குடும்பக் கதைகளை நிறுத்திவிட்டேன். போர், எரிமலை, ராட்சதப் பல்லி. எதுவாக இருந்தாலும் சரி. மனிதர் பக்கத்தில் இருக்கிறார்.

இப்போது சொல். இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, டக்கென்று அடித்து டக்கென்று நிற்கும் உன் பெட்டியை வைத்து நான் என்ன செய்ய? டக்கென்று நின்றால் அவர் டக்கென்று எழுந்து போய்விடுவார். அறைக்குப் பொருந்தவில்லை என்கிறாய். அறை உன் கைபேசியில் இருக்கிற படமல்ல. நான் அதைத் தவழ்ந்தே அளந்தவள். பேஸ் பரவலாக, தொளதொளவென்று இருக்கும் என்கிறாய். இருக்கட்டும். நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம். சுவரில் விரிசல் விழும் என்கிறாய். விழுந்தால் பூசிக்கொள்ளலாம். சோபாவில் ஓர் இடம் காலியாகக் கிடந்ததே, அதை எதை வைத்துப் பூசுவது?

ஆகவே வெள்ளிக்கிழமை உன் ஆள் வரட்டும். தண்ணீர் கொடுப்பேன். சோபாவில் உட்காரவைத்து எரிமலை காட்டுவேன். வெறுங்கையோடு அனுப்புவேன். மறுபடி ஆள் அனுப்பினால் மறுபடியும் எரிமலை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், ஒருவர் பேசுவது ஒருவர் காதில் விழும்படி நீண்ட நாள் வாழ வேண்டும். மருமகளுக்கு என் அன்பைச் சொல். அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவள் என் பக்கம்தான் நிற்பாள்.

எதற்கும் மசியாத,
அம்மா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். காதோரம் குனிந்து, உரக்க. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எதுக்கு இப்படிக் கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். பிறகு ஏன் இத்தனை நாள் அறைக்குள் வரவில்லை என்றேன். "நீ எங்க என்னைப் படம் பாக்க விட்ட? ஆரம்பத்துலயே கொலைகாரன் யாருன்னு சொல்லிடுற." சரி, இப்போது மட்டும் எதற்குத் தினமும் வருகிறீர்கள் என்றேன். பெட்டி இருக்கும் திசையைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தார். "அது உறும ஆரம்பிச்சா நீ பேசுறது ஒரு வார்த்தை விழமாட்டேங்குதும்மா. நல்ல பொட்டி. ரொம்ப நல்ல பொட்டி."

வெள்ளிக்கிழமை ஆளைக் கட்டாயம் அனுப்பு. வேன் கொண்டுவரச் சொல். ஒன்றைத் திருப்பி அனுப்பப் போகிறேன். பெட்டியையா அப்பாவையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.