சரியாப்போச்சு மாமா

ஒரே வார்த்தையால் ஒரு குடும்பத்தை அழவைத்து, அதே வார்த்தையால் சிரிக்கவும் வைக்கிற ஆள் கடலூரிலேயே ஒருவர்தான். எங்கள் மஞ்சக்குப்பத்துப் பிளம்பர். குழாய் சரியானாலும் 'சரியாப் போச்சு' என்பார். குழாயே உடைந்து கையோடு வந்தாலும் 'சரியாப் போச்சு' என்பார். இரண்டுக்கும் ஒரே முகம். அதனால் அவர் பெயரே சரியாப்போச்சு மாமா.

எதிர்வீட்டு டெய்லரம்மா ஒருமுறை அதை நம்பிக் குழாயைத் திறக்க, தண்ணீர் கூரையில் அடித்தது. அடுத்தமுறை அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அன்றைக்குக் குழாய் நிஜமாகவே சரியாகியிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருந்தாலே எனக்குப் பயம்.

போன மாதம், சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. கீழே உட்கார்ந்து எழ முடியாதே என்று அவளுக்காகவே வெஸ்டர்ன் டாய்லெட் போட்டேன். அவள் வருகிற அன்று காலை பார்த்தால், ஃப்ளஷ் டேங்க் வால்வு ஒழுகி மாடித் தொட்டியே காலி. கூட வருகிற சம்பந்தியம்மாவோ, வசதி சரியில்லை என்றால் அதே காரில் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போவேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

மாமா வந்தார். தொட்டிக்கு மோட்டார் போடச் சொன்னார். டேங்க் மூடியைக் கழற்றி அரைமணி நேரம் குடைந்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "சரியாப் போச்சு."

என் வீட்டுக்காரி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் பக்கெட்டைத் தேடினேன்.

"மாமா, நல்ல சரியா, கெட்ட சரியா?"

"என்னா கேள்வி மச்சான் இது? சரியாப் போச்சுன்னா சரியாப் போச்சுதான்."

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். புதுச்சத்திரம் தாண்டிவிட்டார்களாம். டாய்லெட் என்ன ஆச்சு என்றாள். என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்தது.

"சரியாப் போச்சும்மா."

"ஐயோ, என்னாச்சுப்பா?"

போனை வைத்துவிட்டு டாய்லெட்டுக்குள் போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளஷை அழுத்தினேன். தண்ணீர் கொட்டியது, டேங்க் நிறைந்தது, நின்றது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. அப்பாடா என்று வெளியே வந்தால், மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டிரில்லிங் மெஷினைப் போட்டுவிட்டார். புதுச் சுவர் அதிர்ந்தது. தட்டினேன், கத்தினேன். டிரில் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

அதற்குள் வாசலில் கார். சம்பந்தியம்மா நேராக டாய்லெட்டுக்குத்தான் போனார். நானும் பின்னால் ஓடினேன். சீட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஒரு இரும்புக் கைப்பிடி. சம்பந்தியம்மா அதைப் பிடித்துத் தொங்காத குறையாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இதை யார் யோசித்தது என்று கேட்டார்.

"எந்திரிக்கச்சொல்ல புள்ளைக்கிப் புடிமானம் வேணும்ல" என்றார் மாமா, பையில் ஸ்பேனரைப் போட்டபடி.

சம்பந்தியம்மா மகளின் பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

அந்த மாதம் முழுக்க நான் கவலைப்படாத விஷயம் இல்லை. மகள் எழும்போது தடுமாறுவாளே என்கிற அந்த ஒரு கவலையை மட்டும், எனக்குப் பதிலாக அவர் பட்டிருக்கிறார்.