ராமப்பனுக்குப் போடாத சால்வை

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

ஊத்தங்கரை மச்சான் கரியப்பன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ஜெயமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பூங்கொடியும் சுகம். சுகம் என்றால் உடம்பளவில்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே உங்கள் எல்லோருடைய நலமும், உங்கள் மூட்டுவலியின் நிலவரமும் அறிய ஆவல்.

உங்கள் மருமகன் ராமப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனில் கத்தினீர்கள். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். கேட்க மாட்டேன்.

எங்கள் தெருக் குழாயில் ரெண்டு வாரமாகக் காற்றுதான் வந்தது. தெருச் சங்கத் தலைவர் என்ற முறையில் ராமப்பன் போன வாரம் ஜூஜுவாடிப் பக்கமிருந்து வந்த தண்ணீர் லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டார். அவர் எழுந்தபோது லாரி எங்கள் தெருவுக்குத் திரும்பியிருந்தது. அதை வரவழைத்தவர் பக்கத்துத் தெரு லால் பாஷா. கம்பெனியில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். அன்று அவர் மகள் மெஹ்னாஸுக்குக் கல்யாணம். விருந்துக்குப் போன இடத்தில்தான் எனக்கு இந்தக் கதையே தெரிந்தது. இருந்த தண்ணீரெல்லாம் பிரியாணி அண்டாவுக்குள் போய்விட்டது. கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுக்கொரு பன்னீர் சோடாவை உடைத்துக் கழுவினோம். சாயங்காலம் வரை என் விரல்கள் ஒன்றையொன்று விடவில்லை. பாஷா வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தில் அப்பன் சொல்கிற வார்த்தையா மச்சான் அது?

ஞாயிற்றுக்கிழமை ராமப்பனுக்குப் பாராட்டு விழா. 'தாகம் தீர்த்த மாவீரன்' என்று பேனர். பேனரில் அவர் கையில் வாள். சொந்தக்காரன் என்று சால்வையையும் மைக்கையும் என்னிடம் கொடுத்தார்கள்.

"அந்த லாரியத் திருப்புனது நாயமா மாப்ள?" என்று கேட்டேன்.

"எனக்காகவா செஞ்சேன் மாமா? ஜனங்களுக்காகத்தான செஞ்சேன்!"

"அப்ப பக்கத்துத் தெருவுல இருக்கறது யாரு? ஜனம் இல்லியா?"

மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். ஒருவர் கன்னடத்தில் திட்டினார், இன்னொருவர் தெலுங்கில். எனக்கு ரெண்டுமே நன்றாகப் புரியும் என்பதுதான் கொடுமை. சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

தனக்காகச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்தவன் வீட்டு அண்டா காயலாமா? தலைவர் வழிமறித்தால் வீரம், நான் மறித்தால் திருட்டா? என்னைத் தள்ளி வையுங்கள், விசேஷத்துக்குக் கூப்பிடாதீர்கள், இந்த வருஷம் நாகரசம்பட்டி மாம்பழம்கூட அனுப்ப வேண்டாம். நியாயம் எனக்குப் பக்கத்தில் நிற்கிறது, அது போதும்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மூட்டும் கோபமும் சீக்கிரம் தணியட்டும்.

யாருக்கும் தலை குனியாத,
ஜெயமணி

பி.கு.: மன்னிப்புக் கேட்கப் போகிறேன், மச்சான். ராமப்பனிடம் அல்ல, லால் பாஷாவிடம். உறையை ஒட்டும் நேரத்தில் பூங்கொடி வாயைத் திறந்தாள்: "ஊருக்கெல்லாம் நாயம் பேசறீங்களே, கல்யாணத்தன்னிக்குக் கொடங்கொடமா ஊத்திக் குளிச்சிட்டுப் போனீங்களே, அது எந்த லாரித் தண்ணின்னு நெனச்சீங்க?"