வெதரலின் பழைய கூட்டாளி

ஆம்ப்ரோஸ் கிம்பர் தன் வலது கையில் துணியைச் சுற்றி, அது போதுமான அளவுக்குப் பரிதாபமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கெசியா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"கைக்கு என்ன?"

"வெந்நீர் கொட்டிடுச்சு."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

"நேத்து கொட்டினது," என்றார் கிம்பர். "இன்னிக்குத்தான் வலி தெரியுது."

கெசியா அதற்கு மேல் கேட்கவில்லை. புருஷன் சொன்னால் நம்பிவிடுவது அவள் வழக்கம். அதனால்தான் கிம்பர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெல்பர்னுக்கு அப்பால் இருக்கும் கர்ரம்பூல் ஊருக்கு, இங்கிலாந்திலிருந்து கிம்பர் வந்தது தங்கம் தோண்ட. ஒரு வருஷம் தோண்டியதில் களிமண்ணும் முதுகுவலியும் கிடைத்தன. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். சவரக்கடை வைத்தால் வாயும் வேலை செய்தாக வேண்டும். ஒரு நாள் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "நீங்க இங்கிலாந்துல கென்ட் பக்கமா? அப்ப ஜோப் வெதரலப் பார்த்திருப்பீங்களே," என்று கேட்டான். இங்கிலாந்திலேயே பெரிய பந்துவீச்சாளர் வெதரல். கிம்பர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "பார்க்கிறதா? கூட ஆடியிருக்கேன்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். உண்மையில், எப்போதோ ஒரு சந்தை நாளில் ஆப்பிள் வண்டி மேல் ஏறி நின்று, கூட்டத்துக்கு அப்பால், மைதானத்தின் மறுகோடியில் ஒரு தொப்பியைப் பார்த்திருக்கிறார். அதுதான் வெதரல் என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். அதையும் சரியாகப் பார்ப்பதற்குள் வண்டிக்காரன் அவரை இறக்கிவிட்டான்.

ஆனால் ஊரில் தலைமுடி வளர வளரக் கதையும் வளர்ந்தது. கூட ஆடினார், வெதரலின் நடு ஸ்டம்பை ஒடித்தார், பனி கொட்டிய ஒரு ராத்திரி சத்திரத்தில் இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள், வெதரல் தூக்கத்திலும் கையைச் சுழற்றிப் பந்து போடுவார். இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டவர் கிழவர் ட்ரெம்பாத். சுரங்கம் சரிந்து இரண்டு காலும் போனவர். கிரிக்கெட் என்றால் உயிர். வெதரலோடு ஆடியவனுக்குப் பெண் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று சொல்லித் தன் ஒரே மகள் கெசியாவைக் கிம்பருக்குக் கட்டிவைத்தார்.

இப்போது இங்கிலாந்திலிருந்து பதினோரு பேர் கப்பலேறி வந்து காலனி முழுக்கச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். கர்ரம்பூலுக்கும் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் விவரமில்லாதவர்கள் என்பதால் அவர்கள் பதினோரு பேரை எதிர்த்து ஊர்ப் பக்கம் இருபத்திரண்டு பேர் ஆடலாம். வருகிறவர்களில் வெதரலும் உண்டு. ஊர் அணியில் முதல் பெயர் கிம்பருடையது.

சாராயக்கடை முல்வேனிதான் ஆட்டக் கமிட்டித் தலைவர். சவரக்கடைக்கு வந்து கிம்பரின் கைக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நிமிஷம் வாடியது. பிறகு மலர்ந்தது.

"ஒருவகையில நல்லதாப் போச்சு, கிம்பர். ஆடாட்டி என்ன, வரவேற்புப் பேச்சு உன்னோடது. வெதரல் உன் வீட்லதான் தங்குறார். கமிட்டியில முடிவு பண்ணியாச்சு."

"என் வீடு சின்னது."

"ஒரே கட்டில்ல படுத்தவங்கதானே."

மூலையில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆடு ஒண்ணு அடிச்சிடுறேன், மாப்ள," என்றார்.

அன்று முழுவதும் கிம்பர் யோசித்தார். இடது கையால் முடி வெட்டியதில் ஒரு ஆளின் காதையும் லேசாக வெட்டிவிட்டார். சாயங்காலம் முல்வேனியின் கடைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, ஆனால் முல்வேனியிடம் மட்டும் சொல்வது போல, "எனக்கும் வெதரலுக்கும் இப்போ பேச்சு கிடையாது," என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"அதை என் வாயால சொல்ல வேண்டாம்."

அங்கேதான் பிசகிவிட்டது. அவர் வாயால் சொல்லாததை ஊர் தன் வாயால் சொல்லிக்கொண்டது. மறுநாள் கிம்பர் சவரக்கடையைத் திறப்பதற்குள் சுரங்கத்து ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"உன் தங்கச்சியக் கைவிட்டானாமே அந்த வெதரல். வரட்டும், பார்த்துக்கிறோம். அழுகின முட்டையெல்லாம் சேர்த்து வெச்சிருக்கோம்."

கிம்பருக்குத் தங்கையே கிடையாது. "அதெல்லாம் வேண்டாம்பா," என்று மட்டும் சொன்னார்.

"பாரு, எவ்வளவு நல்ல மனசு," என்றார்கள் அவர்கள். முட்டை சேர்ப்பது இன்னும் வேகமாயிற்று.

கூடாரம், பீர், பேண்டு வாத்தியம் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்த முல்வேனிக்கு வேர்த்துவிட்டது. மத்தியானம் அவரே சவரக்கடைக்கு வந்தார்.

"யோவ், என் மானத்தக் காப்பாத்து. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மைதானத்து நடுவுல, ஊர் பார்க்க நீங்க ரெண்டு பேரும் கை குலுக்கணும். நீ மன்னிச்சிட்டேன்னு தெரிஞ்சாத்தான் இவனுங்க முட்டையக் கீழ வைப்பானுங்க. பேண்டு வாசிக்கும்."

"பேண்டு எதுக்கு?"

"ஜனங்க அழணும்ல."

இனி ஒரே வழிதான் இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் தங்கும் சத்திரத்துக்கே போய், வெதரலைத் தனியாகப் பார்த்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சுவது. கிம்பர் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு வெயிலில் கிளம்பினார். ஈக்கள் வழி முழுக்கக் கூடவே வந்தன. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். ஐயா, நான் உங்களைப் பார்த்ததே இல்லை. ஐயா, நான் ஒரு பொய்யன். ஐயா, எனக்கு ஒரு மாமனார் இருக்கிறார்.

சத்திரத்து வாசலில் நின்றவர் அணியின் மேலாளர். நல்ல உயரம், சிவந்த கன்னம். பக்கத்திலேயே கர்ரம்பூல் கோச் வண்டிக்காரன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் வேறு எதைச் சொல்வது?

"வெதரலப் பார்க்கணும். பழைய சிநேகிதன்னு சொல்லுங்க. கென்ட்ல கூட ஆடினவன்."

மேலாளரின் கன்னத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. "கூட ஆடினவரா? நல்லாத் தெரியுமா அவரை?"

"அவரா?" வண்டிக்காரன் குறுக்கே புகுந்தான். "ஒரே கட்டில்ல படுத்தவர், சார்."

மேலாளர் அவசரமாக உள்ளே போனார். திரும்பி வந்து, "வெதரலுக்கு வயிறு சரியில்லை. யாரையும் பார்க்கிற நிலைமையில இல்லை," என்றார்.

கிம்பர் குதிரையைத் திருப்பியபோது சத்திரத்தின் பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு தடித்த ஆள் குதிப்பது தெரிந்தது. ஒரு காலில் பூட்ஸ், இன்னொன்று கையில். முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடி மறைந்தான்.

ஓடியது வெதரல்தான் என்று கிம்பருக்குப் புரிந்துவிட்டது. தன் பெயரை வைத்து ஊரை ஏமாற்றும் ஒருவனின் முகத்தில் விழிக்கக்கூட அந்தப் பெரிய மனிதருக்கு மனமில்லை. திரும்பி வருகிற வழியில் ஒத்திகை எதுவும் இல்லை. ஈக்களை விரட்டக்கூடத் தோன்றவில்லை.

ஆட்ட நாள் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சுரங்கங்களை எல்லாம் மூடிவிட்டு ஜனங்கள் வந்திருந்தார்கள். மாமனார் ட்ரெம்பாத்தை மண் தள்ளும் கைவண்டியில் மெத்தை போட்டு உட்காரவைத்து, முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கெசியா புதுத் தொப்பி போட்டிருந்தாள். பேண்டு ஆரம்பித்தது.

மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து கிம்பர் நடந்தார். மறுகோடியிலிருந்து வெதரல் நடந்தார். இவ்வளவு மெதுவாக இரண்டு பேர் நடந்து அந்த ஊர் பார்த்ததில்லை. அந்த ஊரில் பள்ளத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அன்றைக்கென்று மைதானத்தில் இருந்த குழிகளை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். விழுவதற்குக் கிம்பருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நடுவில் வந்து நின்றார்கள். வெதரல் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். கிம்பரும் வெதரலின் பூட்ஸையே பார்த்தார்.

"ரொம்ப நாளாச்சு," என்றார் வெதரல். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது.

"ஆமா. நாளாச்சு," என்றார் கிம்பர்.

"சௌக்கியமா?"

"இருக்கேன்."

கிம்பர் கட்டில்லாத இடது கையை நீட்ட, கையைக் குலுக்கிக்கொண்டார்கள். கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சுரங்கத்து ஆட்கள் முட்டைக் கூடையை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கிம்பர் மட்டும், கொதிக்கும் எண்ணெயில் நிற்பது போல நின்றார். எப்படிப்பட்ட மனிதர் இவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தன் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லையே.

ட்ரெம்பாத் விடவில்லை. கைவண்டியைக் கிட்டே தள்ளச் சொன்னார். "ஐயா, மாப்ள எல்லாம் சொல்லியிருக்கார். தூக்கத்துல பந்து போடுவீங்களாமே."

கிம்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் விடலைங்க அந்தப் பழக்கம்," என்றார் வெதரல்.

கிழவர் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கிம்பர் கூடாரத்துக்குப் பின்னால் போய், குடித்த தேநீரை வாந்தி எடுத்தார்.

இங்கிலாந்துக்காரர்கள் முதலில் ஆடி, பெரிதாக ஒன்றும் எடுக்காமல் வெளியேறினார்கள். பிறகு ஊர்க்காரர்கள் ஆடினார்கள். வெதரலின் பந்துவீச்சுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஒரு பந்து விக்கெட் கீப்பர் தலைக்கு மேல் போயிற்று. இன்னொன்று பேண்டுக்காரனின் முரசில் விழுந்தது. மற்றவர்கள் ஒழுங்காகப் போட்டு ஆட்களைக் கழித்தார்கள். வெதரலின் கைக்குப் பந்து வந்தால் மட்டும் ஊருக்கு ரன் கொட்டியது.

"வேணும்னே போடுறார்யா," என்று முல்வேனி கிம்பரின் முதுகைத் தட்டினார். "சிநேகிதன் ஊரு தோக்கக் கூடாதாம். எல்லாம் உனக்காக."

எனக்காக. அந்த வார்த்தையைக் கிம்பர் மனசுக்குள் சொல்லிப்பார்த்தார். ஒரு பொய்யனுக்காக அந்த மனிதர் தன் பேரையே கெடுத்துக்கொள்கிறார்.

கடைசி ஆள் வரவேண்டிய நேரத்தில், அந்தக் கடைசி ஆள் பீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். ஊர் ஜெயிக்க இன்னும் ஒரு ரன் வேண்டும்.

"கிம்பர், நீ போ," என்றார் முல்வேனி.

"கை."

"ஒத்தைக் கையால ஆடுங்க மாப்ள," என்றார் கைவண்டியிலிருந்து மாமனார். "அவர் ஸ்டம்ப ஒடிச்சவராச்சே."

கிம்பர் மட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார். எதிரே வெதரல். இருவர் முகமும் சுண்ணாம்பாக இருந்தது. வெதரல் ஓடி வந்து வீசினார். பந்து மெதுவாக வந்து கிம்பரின் கட்டுப் போட்ட கையில் இடித்து, நழுவி, கீப்பரைத் தாண்டி உருண்டது.

"ஓடுங்க," என்று கெசியா கத்தினாள்.

கிம்பர் ஓடினார். கட்டு அவிழ்ந்து பின்னால் வால் போல நீண்டு வந்தது. மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் துணியே இல்லை. ஊர் ஜெயித்துவிட்டது. சுரங்கத்து ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். யாரும் அந்தக் கையைக் கவனிக்கவில்லை.

இறக்கிவிட்டபோது கெசியா பக்கத்தில் நின்றாள். அவர் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"ஆறிடுச்சு போல," என்றாள். அந்தத் துணியை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அப்பாவின் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கிம்பருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெதரலிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, பிறகு மாமனாரிடம் சொல்வது, கடைசியில் கெசியாவிடம் சொல்வது. கெசியாவிடம்தான் கஷ்டம், அதனால் வெதரலிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று தீர்மானித்தார்.

வெதரல் கூட்டத்தை விட்டு விலகி, கூடாரத்துக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆட்டுக்கறித் தட்டு. தொடவே இல்லை. கிம்பரைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"ஐயா," என்றார் கிம்பர். "இவ்வளவு நேரம் நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் அருகதை இல்லாதவன். ஒரு விஷயம் சொல்லிடணும்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், மிஸ்டர் கிம்பர்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிஜ வெதரல் குடிச்சுப்போட்டு மெல்பர்ன்ல எழுந்திருக்க முடியாமக் கிடக்கார், நான் அவங்க வந்த கப்பல்ல ரொட்டி சுட்டவன், அவரோட ஒரே கட்டில்ல படுத்த நீங்க, என் மூஞ்சியப் பார்த்ததுமே கண்டுபிடிச்சும், அத்தனை பேர் முன்னாடி என்னக் காட்டிக்கொடுக்காம விட்டீங்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்."