இருபத்தாறு வீடும் ஒரு மலையும்

விசாவில் கிடைத்தது இருபத்தொரு நாள். பட்டியலில் இருந்தது இருபத்தாறு வீடு.

விநாயகமூர்த்தி விறாந்தையில் கதிரையைப் போட்டு, சுவிசிலிருந்து மகன் அனுப்பிய பயணத் திட்டத்தையும் மனைவி சொல்லச் சொல்ல எழுதிய வீடுகளையும் நாலாவது தடவையாகப் பொருத்திப் பார்த்தார். மகன் மலையில் மூன்று நாளுக்கு அறை எடுத்திருந்தான். அந்த மூன்று நாளையும் சொந்தக்காரர் தின்றது போக, மிஞ்சியது ஒரு வியாழக்கிழமை காலை. அதுவும் பத்து மணி வரைக்குந்தான். ஒரு மணிக்கு லுசேர்னில் மதியச் சாப்பாடு.

"இஞ்சரும் மீனா, இந்த லுசேர்ன்காரரை விட்டால் என்ன?"

குசினிக்குள் மீனாம்பிகை போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு பிள்ளை, இந்த மனிசன் ஏதோ கேக்குது" என்று போனுக்குச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"லுசேர்னில இருக்கிறது எங்கட கேதீஸ்வரியின்ர மகள் கஜாலினி. அவளிட்டப் போகாமல் வந்தால் கேதீஸ்வரி வேலிக்கு மேலால என்னோட கதைப்பாவோ?"

"அப்ப பாசல்காரர்?"

"நாரந்தனைப் பெரியம்மாவின்ர பேரன். பெரியம்மா உயிரோட இருக்கிறா."

விநாயகமூர்த்தி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஊரிலிருந்து வெளிநாடு போகிறவர், அங்கே இருக்கிற ஒரு வீட்டுப் படியை மிதிக்காமல் திரும்பினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய சித்தப்பா ஒருவர் தொண்ணூற்றெட்டில் கனடாவுக்குப் போனபோது, பனி கொட்டியதால் ஒரேயொரு வீட்டுக்குப் போகாமல் வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் சித்தப்பாவின் செத்தவீட்டுக்குக்கூடப் போன் எடுக்கவில்லை. "இஞ்சயும் பனி கொட்டுது எண்டு சொல்லிவிடுங்கோ" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்களாம்.

விநாயகமூர்த்திக்குச் சுவிசில் வேண்டியிருந்தது மலை ஒன்றுதான். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் படவரைஞராக இருந்தவர். மற்றவர்கள் ஏறி அளந்து வந்த மலைகளுக்கு, மேசையில் குனிந்திருந்து சமவுயரக் கோடு வரைந்தவர். கோட்டுக்குள் கோடாகப் போய் நடுவில் உச்சிக்கு ஒரு புள்ளி வைத்து நிமிர்ந்தால், யன்னலுக்கு வெளியே தட்டையான யாழ்ப்பாணம். பின்னேரம் பஸ் ஏறி வந்தால் அதைவிடத் தட்டையான சொந்த ஊர், சரவணை. ஊரில் அண்ணாந்து பார்க்கக்கூடியது தண்ணீர்த் தாங்கி மட்டுந்தான். அதிலும் ஏறக்கூடாதென்று எழுதியிருக்கிறது. ஒருமுறை திணைக்களத்தாரோடு நுவரெலியாவுக்குப் போனார். பஸ் நிறைய ஆட்கள், போக வர பைலாப் பாட்டு. மலையை நினைத்தால் இன்றைக்கும் றபான் மேளச் சத்தந்தான் கேட்கும்.

ஆகவே ஒரு வெண்பனி மலைக்கு முன்னால், ஒரு மணித்தியாலமாவது, எவரும் எதுவும் கதைக்காமல் இருக்கவேண்டும். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அதுதான். கதைக்காமல் இருப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. அவர் ஒரு நாளில் பேசுவதைத் தபாலட்டையில் எழுதினால் விலாசத்துக்கும் இடம் மிஞ்சும். எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருந்து சுவர்க் கலண்டரைப் பார்ப்பார். தேத்தண்ணி குடிப்பார். மீனாம்பிகை கதைத்து முடிய, "அப்ப வாறம்" என்று எழும்புவார். மரியாதையான மனிதர் என்று ஊர் தன்னைப் பற்றி நினைப்பதாக அவர் நினைத்திருந்தார்.

அன்று பின்னேரம் அவர் தன் வாழ்க்கையின் முதலாவது பொய்யைச் சொன்னார். வேலியடியில் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த கேதீஸ்வரியிடம்.

"பிள்ளை, சுவிசில கன இடம் திரியேலாது போல கிடக்கு. முழங்கால். டொக்டர் அலைய வேண்டாமெண்டவர்."

"ஐயோ அண்ணை, முழங்காலோ? சொல்லவேயில்லை?"

"இப்ப சொல்லுறன்தானே."

முழங்கால் அடுத்த நாட்காலை ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறியது. இறங்கும்போது அது முதுகெலும்பாகியிருந்தது. மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தபோது இருதயம். நாலு மணிக்கு வாசலில் செருப்புகள் சேர்ந்தன. தோடம்பழம் வந்தது. பால்மாப் பேணி வந்தது. ஒருவர் நெஞ்சில் பூசச்சொல்லி எண்ணெய் கொண்டுவந்தார். விநாயகமூர்த்தி எண்ணெய்ப் போத்தலை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

இரவு மகன் சயந்தன் பேர்னிலிருந்து போன் எடுத்தான்.

"அப்பா, உங்களுக்கு ஹார்ட்டில என்ன?"

"முழங்கால்."

"முழங்காலில ஹார்ட் அற்றாக்கோ? இண்டைக்குப் பதினேழு பேர் எனக்கு எடுத்திட்டினம்."

"வீடு வீடாப் போகேலாதெண்டுதான் தம்பி சொன்னனான்."

"அதைத்தான் அவையும் சொல்லினம். நீங்கள் அலைய வேண்டாமாம். தாங்களே எங்கட வீட்டை வருகினமாம்."

"ஆர்?"

"இருபத்தாறு வீடும். மலைக்கு றூம் போட்ட மூண்டு நாளுக்கையும் ஒன்பது குடும்பம் வருது. எங்கட வீட்டில கதிரை ஆறுதான் அப்பா."

விநாயகமூர்த்தி போனை வைத்துவிட்டு சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்தார். ஒரே நாளில் அவர் இரண்டு தரம் போனில் கதைத்ததே வருத்தம் முற்றிவிட்டது என்பதற்கு அத்தாட்சி என்று சயந்தன் பயந்துபோனான்.

"தம்பி, டொக்டர் மலைக் காத்து நல்லமெண்டவர். பத்து நாள் மலையிலயே தங்கட்டாம். ஆக்கள் வந்து பாக்கக்கூடாதாம். இப்பிடி எல்லாருக்கும் சொல்லிவிடு."

"எந்த டொக்டர் அப்பா?"

"மலையில காத்து இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப சொல்லிவிடு."

மீனாம்பிகை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பத்து நாளும் நானும் மலையிலயோ?"

"நீர் வராமல்? எனக்குத் தேத்தண்ணி?"

"அங்க கடையில விக்குமாம்."

"விக்கும். சீனி எவ்வளவெண்டு நானெல்லோ அவனுக்குச் சொல்லவேணும்."

மீனாம்பிகை ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுப் போனோடு குசினிக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, "ஓமடி பிள்ளை, கிறிண்டல்வால்ட் எண்டு ஒரு இடமாம், பத்து நாளாம், நான் என்ன செய்ய" என்று குரல் கேட்டது. இந்தப் பெண்களுக்கு இவ்வளவு கதை எங்கிருந்துதான் வருகிறதோ என்று விநாயகமூர்த்தி திருப்தியோடு நினைத்தார். வெளியே நல்ல சோளகக் காற்று. அன்று அவர் நன்றாக நித்திரை கொண்டார்.

மூன்று நாள் ஊர் அமைதியாக இருந்தது. நாலாம் நாள் ஊர்ச்சங்கத்தின் சுவிஸ் கிளைச் செயலாளர் நிமலன் போன் எடுத்தான்.

"அண்ணை, சந்தோசமான செய்தி. எங்கட கோடைகால ஒன்றுகூடலை இந்த முறை கிறிண்டல்வால்ட்டுக்கு மாத்திப்போட்டம்!"

விநாயகமூர்த்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ரெண்டு பஸ் பிடிச்சாச்சு. நூற்றிப் பத்துப் பேர். கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, கொத்துரொட்டி எல்லாம் இருக்கு. சசிகரன் தன்ர ஸ்பீக்கர் செற்றைக் கொண்டுவாறான்."

"ஆக்கள் வந்து பாக்கக்கூடாதெண்டு டொக்டர்..."

"உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டம் அண்ணை. ஸ்பீக்கரை இருபது மீற்றர் தள்ளித்தான் வைப்பம்."

அன்றிரவு விநாயகமூர்த்தி கனவில் மலையைக் கண்டார். வெள்ளையாக, உச்சியில் மேகத்தோடு, அவர் வரைந்த கோடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்றதுபோல இருந்தது. அவர் அதன் முன்னால் ஒரு மர வாங்கில் இருந்தார். பூரண அமைதி. அப்போது மலைக்குள்ளிருந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு குரல் வந்தது. எதிரே இருந்த மலை அதை மூன்று தரம் திருப்பிச் சொன்னது.

விடிய எழும்பியவுடன் தீர்மானித்துவிட்டார்.

"பயணம் நிண்டுபோச்சு எண்டு சொல்லுவம்" என்றார் மனைவியிடம். "பிளேன் ஏறக்கூடாதாம், கொழும்பில வைச்சு வைத்தியமாம் எண்டு சொல்லிப்போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பேசாமல் சுவிசுக்குப் போவம். சயந்தனுக்கு மட்டும் தெரிஞ்சால் காணும்."

"ஒரு வீட்டுக்கும் போறேல்லையோ?"

"ஒரு வீட்டுக்கும்."

"கஜாலினியிட்டயும்?"

"ஒருத்தரிட்டயும். மலை. பத்து நாளும் மலை."

"உங்கட விருப்பம்" என்றார் மீனாம்பிகை.

அன்று முழுக்க மனைவியின் போன் அடித்தபடி இருந்தது. மீனாம்பிகை எடுக்கவேயில்லை. குசினியில் கறிச்சட்டி கொதிக்கிற சத்தம் மட்டுந்தான். விநாயகமூர்த்தி வாழ்நாளெல்லாம் விரும்பிய அமைதி வீடு முழுக்க நிறைந்திருந்தது. ஆனால் அதில் ஏதோ உப்புக் குறைந்தது போல அவருக்குப் பட்டது. இரண்டு தரம் குசினி வாசல்வரை போய், சொல்ல ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார்.

பயணம் நின்ற செய்தி பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. விநாயகமூர்த்தி வேலியடியில் சொன்ன உடனே கேதீஸ்வரி வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் பிள்ளையார் கோயிலில் அவர் பேருக்கு மூன்று அர்ச்சனை நடந்தது. ஐயர் திருநீற்றைக் கொடுத்தனுப்பி, நட்சத்திரம் சரிதானா என்றும் கேட்டுவிட்டார். பின்னேரம் கேதீஸ்வரி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கையில் போன். திரையில் கஜாலினி.

"அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ! பிள்ளை சொல்லுறாள், பஸ் ரெண்டையும் கான்சல் பண்ணிப்போட்டினமாம். எல்லாரும் லீவைக் கையில வைச்சுக்கொண்டு இஞ்ச வர டிக்கெட் பாக்கினமாம்!"

"எங்க வர?"

"கொழும்புக்கு! நீங்கள் போகேலாட்டில் அவை வருகினமாம். பதினெட்டாம் திகதி வந்து இறங்குகினம்."

பதினெட்டாம் திகதிதான் விநாயகமூர்த்தியின் பிளேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு வாசலால் அவர் சூட்கேசோடு உள்ளே போக, மற்ற வாசலால் ஊர்ச்சங்கம் முழுவதும் பூச்செண்டோடு வெளியே வருகிற காட்சி அவர் கண்முன்னே தெளிவாக விரிந்தது. ஓட இனி இடமில்லை. மலையும் போயிற்று, மரியாதையும் போகப்போகிறது.

"மாமா, எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லுங்கோ, றூம் பாக்கவேணும்" என்றாள் கஜாலினி திரைக்குள்ளிருந்து.

விநாயகமூர்த்தி எழுந்து நின்றார். பிறகு பேசத் தொடங்கினார். கேதீஸ்வரி அவரை முப்பது வருடமாக அறிவார். ஒரே மூச்சில் இவ்வளவு சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

"பிள்ளை, எனக்கு ஒரு வருத்தமுமில்லை. முழங்காலும் நல்லம், நெஞ்சும் நல்லம். எல்லாம் நான் சொன்ன பொய். முப்பத்திரண்டு வருசம் மலையைக் கடுதாசியில கீறினனான். ஒருக்கால் அதை நேரில பாக்கவேணும். சத்தமில்லாமல், தனிய இருந்து பாக்கவேணும். நீங்கள் எல்லாரும் ஆசையா என்னைக் கூப்பிடேக்க வரேல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அதாலதான் பொய் சொன்னனான். முதல் முழங்கால் எண்டன், நீங்கள் சயந்தன் வீட்டை வரப் பாத்தீங்கள். மலையில ஒளிச்சன், பஸ் பிடிச்சு அங்கயும் வரப் பாத்தீங்கள். பயணமே இல்லையெண்டன், இப்ப கொழும்புக்கு வாறீங்கள். என்னில இவ்வளவு அன்பெண்டு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டார். மீனாம்பிகை கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தபடி குசினி வாசலுக்கு வந்து நின்றார். திரையில் கஜாலினி கண்ணை இமைக்காமல் அப்படியே இருந்தாள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேதீஸ்வரி போனை ஒருதரம் உலுக்கினார்.

அறுந்திருக்கவில்லை.

"ஐயோ மாமா, உங்களை ஆர் கூப்பிட்டது? நீங்கள் எந்த மலையிலயும் எத்தினை நாளும் பேசாமல் இருங்கோ, எங்கட மீனா மாமியை மட்டும் எங்களிட்ட விட்டிட்டுப் போங்கோ!"