காலை எடுக்காதே, வெண்டல்!

முதல் பனி விழுவதற்குள் கராஜில் பாதி இடத்தைக் காலி செய்து காட்டுகிறேன் என்று என் மனைவி கார்லீனிடம் சத்தியம் செய்தேன். அதில் பொய்யே கிடையாது. காலி செய்வதாகத்தான் சொன்னேன். யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கார்லீன் என்ற பெயரிலேயே கார் இருக்கிறதே, நமக்குத் தோதாக இருப்பாள் என்று நம்பிக் கட்டிக்கொண்டவன் நான். அவள் ஓட்டுவதோ பள்ளிக்கூடப் பஸ். மிச்சிகன் குளிரில், சூரியனே போர்வையை விலக்காத நேரத்தில் எழுந்து போவாள். வாசலில் பனி மூடிக் கிடக்கும் தன் சின்னக் காரைச் சுரண்டிச் சுரண்டித் தோண்டி எடுப்பாள். க்ரீச்... க்ரீச்... நான் படுக்கையில் கேட்டுக்கொண்டே கிடப்பேன். என் காதில் அது இப்படித்தான் விழும்: வெண்... டல்! வெண்... டல்!

காரை ஏன் வாசலில் விட வேண்டும்? எங்கள் கராஜில் தாராளமாக இரண்டு கார் நிற்கும். வலப்பக்கம் என் சார்ஜர் நின்றது. இடப்பக்கம் என் சார்ஜரின் மிச்சம் நின்றது. கதவு, மட்கார்டு, சீட்டு, எதற்கு வாங்கினேன் என்று எனக்கே மறந்துபோன இரும்பு.

சார்ஜர் என்றதும் செல்போனுக்குச் சொருகுவது என்று நினைத்துவிடாதீர்கள். அது சொருகினால் ஏறும். இது நம்மை இறக்கும். அறுபத்தெட்டாம் வருஷத்து டாட்ஜ். எட்டு சிலிண்டர். கிளப்பினால் பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். கிளப்பினால். அந்த 'னால்'தான் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. கார் ஓடவில்லை.

"மத்தவன் வேலையை முடிச்சுட்டு காரை ஓட்டறான். நீ காரை நிறுத்திட்டு வேலையை ஓட்டற" என்பாள் கார்லீன்.

ஆனால் இந்த வருஷம் நிஜமாகவே முடிகிற மாதிரி இருந்தது. பிரேக் மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பர்கர் கடை வாசலில் பழைய கார்க்காரர்களின் கடைசிக் கூட்டம். அதற்கப்புறம் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். உப்பு பட்டால் தகரம் போச்சு. வசந்தம் வரும்வரை எவனும் வண்டியை வெளியே எடுக்க மாட்டான். அந்தக் கூட்டத்தில் அவனவன் தன் காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவான். நான் வருஷா வருஷம் நாற்காலியோடு மட்டும் போய் அடுத்தவன் காருக்குப் பின்னால் உட்காருவேன்.

"என்ன வெண்டல், உன் நாற்காலிக்கு எத்தனை சிலிண்டர்?"

இதே கேள்வியை இதே ஆட்கள் இதே சிரிப்போடு கேட்பார்கள். களைத்துப்போய்விட்டேன் ஐயா.

இந்த நேரத்தில்தான் எனக்குச் சீலா மீன் மாட்டியது. பிளைமவுத் பாரகூடா. அந்த மீனின் பெயரைத்தான் காருக்கு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஓர் உருளைக்கிழங்கு விவசாயியின் கொட்டகையில் கிடந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துத் தொப்பியைத் தொட்டுக்கொள்வேன். "தர மாட்டேன், போய்யா" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்த மனிதர், திடீரென்று ஒருநாள், "கொட்டகையை இடிக்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தகரத்தை எடுத்துக்கிட்டுத் தொலை" என்றார். சும்மா! இன்ஜின் இல்லை. கண்ணாடி இல்லை. தரை இல்லை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் முளைத்திருந்தது. மற்றபடி நல்ல கண்டிஷன்.

என் திட்டம் ரொம்ப எளிமையானது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கார்லீன் பஸ் எடுக்கப் போய்விடுவாள். எதிர்வீட்டு டெல்மர் தன் டிரெய்லரில் மீனை ஏற்றி வருவான். காலியான இடப்பக்கத்தில் இறக்குவோம். அவள் வரும்போது மீன் உள்ளே இருக்கும். அப்புறம் வெளியே தள்ளு என்று சொன்னாலும் தள்ள முடியாது. அதற்குச் சக்கரமும் இல்லை.

டெல்மரைப் பற்றி ஒரு வார்த்தை. தனிக்கட்டை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் கராஜில் ஒரு டிரெய்லரும் ஒரு சிலந்தியும் மட்டும்தான். குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டி மாதிரி ர்ர்ர்... ர்ர்ர்... என்று செருமிய பிறகுதான் பேச்சு பிடிக்கும். தொழிற்சாலையில் தகரம் அடித்து அடித்துக் காது பாதிதான் கேட்கும். அதுவும் அவனுக்கு வேண்டிய பாதி.

"ர்ர்ர்... தலைவா, கார்லீனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டிய நேரத்துல தெரியும்."

"அது எந்த நேரம்?"

"எனக்கு வயசாகி, காது உன்னை மாதிரி ஆனதுக்கு அப்புறம்."

இரண்டு வாரம் உழைத்தேன். பாதி இரும்பு சார்ஜரில் ஏறியது. மீதி இரும்பு கட்டிலுக்கு அடியில் ஏறியது. இடப்பக்கத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மீன் எங்கே நிற்கும் என்று அளந்து நீல டேப் ஒட்டினேன். கார்லீன் கதவோரம் நின்று பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி மசித்த உருளைக்கிழங்கு விழுந்தது. நான் அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் சாப்பிட்டேன். கார்லீன் கிளம்புவாள் என்று பார்த்தால், என் பழைய அங்கியை மாட்டிக்கொண்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கராஜுக்குள் வருகிறாள்.

"இன்னிக்கு பஸ் எடுக்கலையா?"

"ஸ்கூல் மதியத்தோட விட்டாச்சு. பேரன்ட்ஸ் மீட்டிங். ஏன், நான் வீட்ல இருந்தா உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சந்தோஷம்."

"சந்தோஷப்படற மூஞ்சி இப்படியா இருக்கும்? பிரேக்ல ஏர் எடுக்க ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு ரெண்டு வாரமாப் பொலம்பினியே. நான் இருக்கேன். வா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்ன வால்வைத் திறக்க வேண்டும். புஸ் என்று காற்றும் எண்ணெயும் வெளியே வரும். வால்வை மூடியபிறகுதான் காலை எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்துவிட்டால், வெளியே போன காற்று விருந்தாளி மாதிரி திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு சக்கரத்துக்கும் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் வீட்டில் மிதிப்பது எப்போதும் கார்லீன்தான். போன தடவை அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று காலை எடுத்துவிட்டாள். நான் கத்திய கத்தலை அவள் மறக்கவில்லை. விருந்துக்கு யார் வந்தாலும் அதை நடித்துக் காட்டுவாள். கண்ணை உருட்டி, கழுத்து நரம்பைப் புடைத்துக்கொண்டு: "எடுக்காதேன்னா எடுக்காதே! வீடே எரிஞ்சாலும் எடுக்காதே! நான் சொன்னாத்தான் எடுக்கணும்!" எல்லாரும் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். வேறு என்ன செய்வது?

வால்வைத் திறக்கக் குனிந்தேன். இடுப்பு 'டக்' என்றது. குனிந்தபடியே நின்றேன்.

"என்ன தேடற?"

"தேடல. மாட்டிக்கிட்டேன்."

"எழுந்திரு. இன்னிக்கு நீ மேல, நான் கீழ. ஸ்பேனரைக் குடு."

பாதி மடங்கிய மடக்கு நாற்காலியாக என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தாள். காருக்கு அடியில் போனாள். அப்புறம் பஸ்ஸில் பேசுகிற குரல் வந்தது.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடி!"

"பிடிச்சாச்சு."

"என்ன முனகல்? கடைசி சீட்டுப் பசங்ககூட உன்னைவிடச் சத்தமாப் பேசுவாங்க. பிடி!"

"பிடிச்சாச்சு!"

"விடு."

நன்றாகத்தான் செய்தாள். என்னைவிட நன்றாகவே செய்தாள். அதை இங்கே உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பின்சக்கரம் இரண்டும் முடிந்தன. பெடல் பஞ்சு மாதிரி இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கல் மாதிரி ஆனது. என் மனசோ கல்லிலிருந்து பஞ்சானது. டெல்மர் எந்த நிமிஷமும் வரலாம். என் போன் வேலை மேஜை மேல் கிடந்தது. அது அடிக்க ஆரம்பித்தது.

"யாரு?" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

"யாரோ. ராங் நம்பர்."

"எடுக்காமலே ராங் நம்பர்னு தெரியுதா? எட்டிப் பார்க்கணுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"நல்லது. காலை எடுக்காதே."

என் வயதில் பொய் சொல்வதும் உடல் உழைப்புதான். வியர்த்துவிட்டது.

முன்சக்கரத்தில் ஒன்று முடிந்தது. கடைசிச் சக்கரம். என் காலுக்கு நேர் கீழே அவள் மூச்சு விடுவது கேட்டது. "மிதி!" மிதித்தேன். "பிடி!" பிடித்தேன். புஸ்ஸ்ஸ். பெடல் அடிவரை இறங்கியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கடகட கடகட என்று ஒரு சத்தம். டெல்மரின் டிரெய்லர் சங்கிலி. தூக்கத்தில்கூட எனக்கு அடையாளம் தெரியும்.

ஸ்பேனர் தரையில் விழுந்தது. கார்லீன் வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"எங்க போற?"

"நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே" என்றாள். போய்விட்டாள்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் போன வாரம்தான் மாட்டியிருந்தேன். மாட்டாமலே இருந்திருக்கலாம். அதில் எல்லாம் தெரிந்தது. டெல்மரின் பிக்கப் வண்டி. பின்னால் டிரெய்லர். அதன்மேல் என் சீலா மீன். உள்ளே முளைத்த மரம் ஜன்னல் வழியாகக் கிளையை நீட்டி எனக்குக் கையசைத்தது.

கார்லீன் அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இதுதானா அது?"

"ர்ர்ர்... ஆமா தாயே. எங்க இறக்கறது?"

"உன் வீட்ல."

"என் வீட்லயா?"

"உனக்குத்தான். வெண்டல் குடுத்துட்டான்."

"இல்ல!" என்று கத்தினேன். "டெல்மர்! நான் குடுக்கல! இங்க கொண்டு வா!"

"என்ன சொல்றான்?"

"பத்திரமா வச்சுக்கோன்னு சொல்றான்" என்றாள் கார்லீன்.

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். "ர்ர்ர்... வெண்டல்! என் பொண்டாட்டி போனதுலேர்ந்து எனக்கு ஒரு கைக்குட்டைகூட யாரும் குடுத்ததில்லய்யா! உனக்குப் போய் இவ்வளவு பெரிய மனசா!" மூக்கை உறிஞ்சினான். கையை ஆட்டினான்.

இறங்கி ஓடியிருக்க வேண்டும். பத்து எட்டு வைத்தால் போதும். ஆனால் வால்வு திறந்திருக்கிறது. காலை எடுத்தால் காற்று உள்ளே போகும். காற்று உள்ளே போனால் பிரேக் போகும். பிரேக் போனால் ஞாயிற்றுக்கிழமை போகும். மறுபடி ஒரு வருஷம் நாற்காலிக்கு எத்தனை சிலிண்டர். இந்தப் பக்கம் சீலா மீன், அந்தப் பக்கம் ஒரு காற்றுக் குமிழி. நீங்களாக இருந்தால் காலை எடுத்திருப்பீர்கள். ஏனென்றால் நீங்கள் கார்க்காரர் இல்லை. நான் எடுக்கவில்லை. என் மீன் தெருவைக் கடந்து, டெல்மர் கராஜுக்குள் நீந்திப் போவதைக் கண்ணாடியில் கடைசிவரை பார்த்தேன். இன்னும் அழுத்தி மிதித்தேன்.

அப்புறம் வாசலில் ஒரு சின்ன இன்ஜின் கிளம்பியது. கார்லீனின் கார். நான் சோப்புப் போட்டுக் கழுவிய தரையில், பூ மாதிரி ஏறி வந்து, நான் ஒட்டிய நீல டேப்புக்கு நடுவில் நின்றது. முன்னும் பின்னும் நிறைய இடம் மிச்சம்.

இறங்கினாள். வீட்டுக்குள் போனாள். காபிக் கோப்பையோடு வந்தாள். ஒரே ஒரு கோப்பை. என் ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"இத்தனை வருஷமா ஒரு டப்பாவை நகர்த்தாத மனுஷன் தரையைக் கழுவறான். எனக்காகன்னு நினைச்சேன், வெண்டல். ஒருநாள் முழுக்க அந்த நினைப்பிலேயே பஸ் ஓட்டினேன். பசங்க பாட்டுப் பாடினப்போ கூடச் சேர்ந்து பாடினேன். மறுநாள் நீ ஒட்டின டேப்பை அளந்து பார்த்தேன். என் கார் அவ்வளவு நீளம் கிடையாது."

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

"டெல்மரைக் கூப்பிட்டு ஆப்பிள் பை ஒரு துண்டு வச்சேன். ரெண்டாவது துண்டு வைக்கறதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டிட்டான்."

தப்புதான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டை போடும் தெம்பும் இல்லை. வலது கால் இடுப்புவரை மரத்துப்போய்க் கிடந்தது.

"சரி கார்லீன். இடம் உனக்கு, மீன் அவனுக்கு. எனக்கு ஞாயித்துக்கிழமையாவது மிஞ்சட்டும். தயவு பண்ணி அந்த வால்வை மூடு. காலை எடுத்துக்கறேன்."

"எந்த வால்வு?"

"இந்தச் சக்கரத்துது. திறந்து வச்சுட்டுப் போனியே!"

கார்லீன் நிதானமாக ஒரு வாய் காபி குடித்தாள்.

"நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டேனே. நீ ஏன் இன்னும் மிதிச்சிட்டிருக்க?"